அளவு ஜாக்கெட்

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் கொண்டுவருவார்கள். ஒன்று புதுத் துணி. இன்னொன்று, ஏற்கெனவே தைத்துப் போட்டு உடம்புக்குச் சரியாக அமைந்துவிட்ட ஒரு பழைய ரவிக்கை. இதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். "இதே மாதிரி தைச்சிடுங்க" என்று இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டால் போதும். யாரும் நாடாவை எடுத்துக்கொண்டு அருகில் வரவேண்டாம். மார்பளவையும் இடுப்பளவையும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி உரக்கப் படிக்கவேண்டாம். துணி வெட்டும் மாஸ்டர் ஆணாக இருக்கும் கடைகளில் இந்த ஏற்பாடு எல்லாருக்கும் நிம்மதி. உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் உடம்புக்குத் தைத்துக்கொண்டு போய்விடலாம்.

எனக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது. நான் மென்பொருள் சோதனை செய்கிறவள். ஒழுங்காக ஓடும் பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை அதோடு ஒப்பிடுவது எங்கள் வேலையிலும் உண்டு.

என் சித்தி, அம்மாவின் தங்கை, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தையல் கடை நடத்துகிறார். துணி வெட்டுவது, நெடுநாளாக அவரோடு இருக்கும் மாஸ்டர். கொவிட் கிருமிப்பரவல் காலத்தில் கடை மூடிக் கிடந்தது. பிறகு திறந்தது. ஆனால் கல்யாணம் இல்லை, கோயில் விசேஷம் இல்லை, தேவாலயத்தில் கூட்டம் கூடக்கூடாது என்ற நிலையில் யாருக்குப் புது ரவிக்கை வேண்டும்? சித்தி முகக்கவசம் தைத்து விற்றார். அதுவும் ஒருநாள் நின்றது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக விலகிச் சாலையில் மீண்டும் ஆள்கள் தோள் உரசி நடக்கத் தொடங்கிய வேளையில், பக்கத்துக் கடைக்காரர்கள் தள்ளுபடிப் பலகைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். சித்திக்குத் தள்ளுபடி கொடுக்க வசதியில்லை. போதாக்குறைக்கு, வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் பொருள் வாங்கிப் பழகிய பெண்கள், இழுத்தால் விரியும் ரெடிமேட் ரவிக்கைகளை இணையத்தில் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடையின் குத்தகை அந்த ஆண்டு இறுதியோடு முடிவதாக இருந்தது. புதுப்பிப்பதா, சாவியைக் கொடுத்துவிட்டு யாரிடமாவது வேலைக்குப் போவதா என்று சித்தி இன்னும் முடிவெடுக்கவில்லை. கட்டட உரிமையாளர் பதில் கேட்டபோது, "எங்க சர்ச் திருவிழா முடியட்டும், சொல்றேன்" என்றார்.

திருவிழா என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்ப் பெண்கள் குழு, கட்டுப்பாடுகளுக்குப் பிறகு வரும் முதல் பெரிய திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி இளநீலச் சேலை உடுத்துவதென்று தீர்மானித்திருந்தது. ரவிக்கைகள் அனைத்தும் சித்தியிடம் வந்தன. கடை திறந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அதைவிட முக்கியமாக, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பம், ஒரு அலுவலகம், ஒரு அடுக்குமாடி புளோக்கு நிறைய அக்கம்பக்கத்தார். இந்த வேலை நன்றாக அமைந்தால் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆள் வரும். அமையாவிட்டால் வராது. கணக்கு அவ்வளவுதான்.

நான் பிடோக்கில் பெற்றோருடன் இருக்கிறேன். அப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் கடைக்குப் போய், வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்குப் பதில் போடுவதும் பைகளில் பெயர் ஒட்டுவதும் என் பொறுப்பு. எதையும் வரிசைப்படுத்தி யோசிப்பது என் பழக்கம். சித்திக்கு அது வேடிக்கை.

"மாஸ்டர், இவளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனா அவனையும் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் பாஸ் பண்ணுவா."

"பெயில் ஆனவன் நம்ம கடைக்கு வேலைக்கு வரட்டும்மா," என்றார் மாஸ்டர், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பட்டன் தைக்க ஆள் இல்ல."

சித்தி வேலை செய்யும் விதத்தை அதற்குமுன் நான் அக்கறையாகக் கவனித்ததில்லை. அந்த மாதங்களில் கவனித்தேன். யார் படியேறினாலும், அவர்கள் வாய் திறப்பதற்குள் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு "வாங்க" என்பார். நிறுத்த முடியாவிட்டால், "இந்தத் தையல் முடிச்சிடுறேன், உக்காருங்க" என்பார். அந்தத் தையல் முடிந்ததும் உண்மையிலேயே எழுந்துவிடுவார். துணி தரமில்லை என்றால் தைக்கும் முன்பே சொல்லிவிடுவார். வேலை முடிந்துவிட்டது என்று எல்லாக் கடையிலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். சித்தி, வேலை முடியாது என்பதையும் கூப்பிட்டுச் சொல்வார். வாடிக்கையாளர் கிளம்பி எம்ஆர்டி ரயில் ஏறுவதற்கு முன்பே சொல்வார். என் அலுவலகத்தில் தாமதம் என்பது கடைசிவரை மறைத்து வைக்கவேண்டிய செய்தி. சித்தி அதைத்தான் முதலில் சொன்னார். கேட்டவர்கள் கோபப்பட்டதை நான் பார்த்ததில்லை. "பரவாயில்ல, சொன்னீங்களே" என்பார்கள்.

திருவிழா வேலையிலும் அவர் ஒரு வசதி செய்து கொடுத்தார். பெண்கள் தீவின் நாலா பக்கத்திலும் இருந்தார்கள். பலருக்கு இன்னும் நெருக்கமான இடங்களுக்கு வரப் பயம். அதனால், "யாரும் கடைக்கு வர வேணாம். துணியும் அளவு ஜாக்கெட்டும் ஒரு பையில போட்டு ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கொண்டுவாங்க. நானே எடுத்துக்கிறேன், தைச்சு நானே கொண்டுவந்து தரேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். எல்லாரும் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். எனக்கும் அது மிகச் சிறந்த யோசனையாகத் தெரிந்தது.

பைகளைப் பிரித்து வைத்தபோது மாஸ்டர் ஒன்றிரண்டு அளவு ஜாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் நம்ம தைச்சதும்மா. கொவிட்டுக்கு முன்னாடி போட்ட தையல். பாரு, அப்போ இந்த நூல்தான் வாங்குவோம்."

அவர் சொன்னது எங்கள் மூவர் காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ரவிக்கைகள் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன. அன்று மாலை முதல் செய்தி வந்தது. மார்பில் பிடிக்கிறதாம். அடுத்தவருக்கு இடுப்பில் ஊக்கு எட்டவில்லை. அடுத்தவர் எழுதாமல் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முதுகுப் பக்கம் இரண்டு கரைகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி. மறுநாளும் செய்திகள் நிற்கவில்லை.

திரும்பி வந்த முதல் ரவிக்கையை நான் மேசையில் விரித்து, அதன் அளவு ஜாக்கெட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். தோள், மார்பு, இடுப்பு, கை, கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின.

"ஜாக்கெட்ல தப்பே இல்ல சித்தி. ரெண்டும் ஒரே அளவு."

சித்தி இரண்டையும் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"நானே ரெண்டு சுத்து ஏறிட்டேன்," என்றார். "அத்தனை நாள் வீட்டுல உக்காந்து பிராட்டாவும் நூடுல்ஸும் தின்னா? இவங்க மட்டும் அப்படியே இருப்பாங்கன்னு எப்படி நினைச்சேன்?"

"அவங்களும் அப்படித்தான் நினைச்சிருக்காங்கம்மா," என்றார் மாஸ்டர். "போட்டுப் பாத்திருந்தா கொடுத்திருக்க மாட்டாங்க."

அதுதான் நடந்தது. அலமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல ரவிக்கையை எடுத்துப் பையில் போட்டிருக்கிறார்கள். அதை உடுத்திக்கொண்டு போக இடமில்லாத காலம் அது. ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அளவு ஜாக்கெட் என்றால் அளவு சரியாக இருக்கும் என்று அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம்.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. சித்தி கைப்பேசியை என்னிடம் நீட்டி, "எழுது" என்றார். "உள்ள போட்ட லைனிங் துணி கொஞ்சம் சுருங்கிடுச்சு. தப்பு எங்களோடதுதான், மன்னிக்கணும். ஜாக்கெட்டைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினா, காசு வாங்காம சரி பண்ணித் தரோம்."

"சித்தி, லைனிங் சுருங்கல."

"தெரியும்."

"அப்ப ஏன் பொய்? நம்ம துணி மட்டம்னு நாமே எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கு."

"வேற என்ன எழுதச் சொல்ற? 'அன்பான சகோதரிகளே, நீங்கள் எல்லாரும் பெருத்துவிட்டீர்கள்'னு எழுதட்டுமா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மைக்கும் அவமானத்துக்கும் நடுவே இன்னும் ஏதாவது சொல் இருக்கும் என்று எனக்குப்பட்டது. அந்தச் சொல் என்ன என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. அனுப்பினேன்.

அந்த வாரம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். சித்தி ஒவ்வொருவரையும் தானே அளந்தார். எண்களை வாயால் சொல்லமாட்டார். நாடாவின் மேல் கட்டைவிரலை வைத்தபடி என்னிடம் காட்டுவார், நான் குறித்துக்கொள்வேன். மாஸ்டர் எப்போதும் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பவர் என்பதால் பிரித்துவிட இடமிருந்தது. வந்தவர்களில் சிலர் அப்படியே தீபாவளிக்குத் துணி கொடுத்தார்கள். பொய் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பிறகு குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் ஓர் ஆன்ட்டி. குழுவில் மூத்தவர், பாட்டுக் குழுவிலும் நெடுநாள் இருந்தவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"எனக்கு ஒரு கை உள்ளயே போகல. மட்டமான லைனிங்கைப் போட்டுட்டு மன்னிப்பு கேட்டா ஆச்சா? இத்தனை வருஷ கஸ்டமர். இனிமே ரெடிமேட் வாங்கிக்கிறதே நல்லது."

கீழே யாரோ ரெடிமேட் ரவிக்கைக் கடையின் இணைப்பைப் போட்டார். இன்னொருவர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார். அன்று மாலையே இரண்டு பேர், தீபாவளிக்குக் கொடுத்த துணியை வெட்டவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

சித்தி எழுந்தார். பைகளில் இருந்து அந்த இருவரின் துணிகளைத் தேடி எடுத்து, சுருக்கம் நீங்க இஸ்திரி போட்டு, மடித்து வைத்தார். போகிற துணிக்கு இஸ்திரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. "குத்தகையைப் பத்தி யோசிக்கவே வேணாம் போலிருக்கு," என்று மட்டும் மாஸ்டரிடம் சொன்னார்.

நான் பதில் ஒன்றைத் தயார் செய்தேன். ஆன்ட்டியின் அளவு ஜாக்கெட் எங்களிடம்தான் இருந்தது. அதன் படம், வெட்டும்போது நாங்கள் எடுத்த அளவு, இரண்டும் ஒன்றுதான் என்ற விளக்கம். நிதானமான, மரியாதையான, மறுக்கவே முடியாத பதில்.

சித்தி படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கேஸ் போட்டா ஜெயிச்சிடுவ. அவங்க அந்தக் குரூப்புல எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு உக்காந்திருப்பாங்க. அனுப்பாத."

"அப்ப என்ன பண்றது?"

"தெரியல மா."

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், வந்த புகார்களை எல்லாம் வகை பிரித்தேன். மனம் சரியில்லாதபோது நான் செய்வது அதுதான். மார்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை என்று சொன்னவர்கள் எல்லாரும் இரண்டு கையும் பிடிக்கிறது என்றே சொல்லியிருந்தார்கள். ஆன்ட்டியின் செய்தி மட்டும் எதிலும் சேரவில்லை.

"சித்தி, இவங்க ஒரு கை மட்டும்னு எழுதியிருக்காங்க. லைனிங் சுருங்கினாலும் உடம்பு போட்டாலும் ரெண்டு கையும்தானே டைட் ஆகணும்?"

மாஸ்டர் எழுந்துவந்து அளவு ஜாக்கெட்டின் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். வித்தியாசம் இல்லை. அவர் சித்தியைப் பார்த்தார்.

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் ஒரு முட்டாள்," என்றார் மெதுவாக. "அவங்க ஒரு வருஷமா பூசைக்கு வரல. பாட்டுக் குழுவுக்கும் வரல. வீட்டுலயே டிவியில பாத்துக்கிறாங்கன்னு நினைச்சேன். ஜாக்கெட் பைகூட அவங்க மகன்தானே கொண்டுவந்தான்." பிறகு, "பக்கத்து வீட்டம்மாவுக்கு மார்ல ஆபரேஷன் ஆன பிறகு அந்தப் பக்கத்துக் கை மட்டும் வீங்கிடுச்சு. அப்படி இருந்தா என்ன பண்றது?" என்றார்.

வேறு காரணமாகவும் இருக்கலாம். நான் அதைச் சொன்னேன்.

"இருக்கலாம். கேக்கவும் முடியாது. போய்ப் பாத்தாதான் உண்டு."

அப்போதே கூப்பிட்டார். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"என்ன, சண்டைக்கா?"

"இல்லக்கா. ஊசி நூலோட வரேன். உங்க வீட்டுலயே உக்காந்து சரி பண்ணித் தரேன்."

"எதுக்கு அவ்ளோ தூரம்? வேணாம்லா. நான் வேற ஜாக்கெட் போட்டுக்கிறேன்."

"எல்லாரும் நீலத்துல நிக்கும்போது நீங்க மட்டும் வேற போடுவீங்களா? நாளைக்கு மத்தியானம் வரேன்க்கா. பார்லித் தண்ணி மட்டும் போட்டு வைங்க."

மறுநாள் சனிக்கிழமை. மாஸ்டர், ஆன்ட்டியின் ரவிக்கையை வெட்டியபோது மிஞ்சிய நீலத் துண்டைத் தேடிக் கொடுத்தார். வாடிக்கையாளரின் துணியில் மிஞ்சியது எதையும் வேலை முடியும்வரை அவர் எறிவதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் டவுன்டவுன் பாதையில் நேராகப் புக்கிட் பாஞ்சாங். வழி முழுக்கச் சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஏன், எதனாலன்னு நீ ஒண்ணும் கேக்காத. நானும் கேக்க மாட்டேன்," என்றார்.

கதவைத் திறந்த ஆன்ட்டி, அந்த வெயிலில் முழுக்கை வைத்த தொளதொளப்பான உடை அணிந்திருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"ரெண்டு பேரா? மன்னிப்பு கேக்க ஒரு ஆள் பத்தாதா?"

"நான் மன்னிப்பு கேப்பேன், இவ அதை எழுதிப்பா," என்றார் சித்தி.

ஆன்ட்டியின் வாயோரம் சற்று அசைந்தது. உள்ளே போய்ப் பார்லி கொண்டுவந்தார். தட்டை ஒரு கையால்தான் பிடித்திருந்தார். குடித்து முடிக்கும்வரை பங்குச் செய்திகளைப் பேசினோம். பிறகு சித்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பருப்பு எவ்வளவு என்று கேட்பது போன்ற குரலில், "எந்தக் கைக்கா?" என்றார்.

ஆன்ட்டி தன் கோப்பையை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஆன்ட்டி, நான் கீழ கடைக்குப் போயிட்டு வரட்டுமா?"

"உக்காரு கேர்ள். எழுதுறவதானே நீ? சரியா எழுது."

வலது கையின் துணியைச் சுருட்டி மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை, தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்று. அதற்குள் அந்தக் கை இடது கையைவிட நன்றாகப் பருத்திருந்தது.

"யாருக்கும் தெரியாது," என்றார். "அப்ப ஆஸ்பத்திரிக்குள்ள யாரையும் விடல. மகன் வாசல்ல பையைக் கொடுத்துட்டுப் போவான். பிழைச்சு வந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். வந்த பிறகு, யார்கிட்ட, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நாள் ஓடிடுச்சு. இப்போ திடீர்னு குரூப்புல போட முடியுமா?"

"முடியாதுக்கா," என்றார் சித்தி. நாடாவை எடுத்தார். "கையைத் தூக்க வேணாம். அப்படியே வைங்க, நான் சுத்தி வரேன்."

"லைனிங் சுருங்கிடுச்சுன்னு ஏன் பொய் சொன்ன?"

"எல்லாரும் கொஞ்சம் வெயிட் போட்டுட்டாங்க. அதை எப்படிக்கா சொல்றது?"

"எனக்கு அது வேற மாதிரி இருந்துச்சு. மூணு தடவை போட்டுப் பாத்து அழுதேன். அப்புறம் பாத்தா லைனிங்னு சொல்ற. அப்ப கோவம் வந்துச்சு. என் கையாலன்னு நினைச்சு அழுதது வீணான்னு கோவம்."

சித்தி நாடாவைக் கீழே வைத்தார். "அது என் தப்புக்கா. உங்களை ஒரு தடவை நேரா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். எல்லாருக்கும் ஒரே மெசேஜை அனுப்பினேன்."

"கடைக்கு வரச் சொன்னியே, எப்படி வர? உன் கடையில துணி மாத்துற இடத்துல ஒரு திரைதான் தொங்குது. ஃபேன் காத்துக்கே விலகும். வெளிய மாஸ்டர். நாலு பொம்பளைங்க. அதனாலதான் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினேன். பொருந்தாதுன்னு எனக்குத் தெரியும். வேற வழி தெரியல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் தெரியாமல் பழைய அளவைக் கொடுத்தார்கள். இவர் தெரிந்தே கொடுத்திருக்கிறார். நாங்கள் சலுகை என்று நினைத்துச் செய்த ஏற்பாட்டுக்குள் இவர் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறார்.

சித்தி சோபாவில் உட்கார்ந்து கைத் தையலைப் பிரித்தார். நீலத் துண்டை அக்குளிலிருந்து முழங்கைவரை நீளமாக வைத்து ஓட்டுத்தையல் போட்டார். வலது கை முடிந்ததும் இடது கையையும் பிரிக்கத் தொடங்கினார்.

"அது சரியாத்தானே இருக்கு?" என்றார் ஆன்ட்டி.

"ரெண்டையும் ஒரே அகலமா வெச்சிடுறேன். இப்பெல்லாம் தொளதொள கைதான் ஃபேஷன்க்கா. முன்கையைச் சேலைத் தலைப்பால மூடிக்கிட்டா போட்டோவுல யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உறைமேல தையல் உரசாம உள்பக்கம் மெத்துனு துணி வெச்சுத் தரேன்."

ஆன்ட்டி அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி முன் நிற்கவில்லை. எங்கள் முன்தான் நின்றார். இரண்டு கைகளையும் மெதுவாக முன்னால் நீட்டினார், பாட்டுப் புத்தகத்தைப் பிடிப்பது போல.

"நீளுது," என்றார்.

எந்திரத் தையல் போட்டுத் திருவிழாவுக்கு முன்பே அனுப்புவதாகச் சித்தி சொன்னார். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது ஆன்ட்டி, "குரூப்புல என்ன எழுதணும் நான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுத வேணாம்க்கா. நீங்க வந்து பாடுங்க, அது போதும்."

ஆனால் எழுதினார். நாங்கள் திரும்பும் ரயிலில் இருந்தபோதே வந்துவிட்டது. "என் ஜாக்கெட் சரியாயிடுச்சு. லைனிங்ல ஒரு குறையும் இல்ல. நாமதான் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிட்டு, பழைய ஆளுன்னு நினைச்சுக்கிட்டோம். எல்லாரும் கடைக்குப் போய் நேரா அளவு கொடுங்க." பிறகு ஒருவர், "அக்கா, மெதுவா சொல்லுங்க, என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து படிக்கிறார்" என்று எழுத, அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் கொட்டின. சித்தி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். நியூட்டன் நிலையத்தில், "பாத்தியா, பொய்யும் சொல்லாம அவமானமும் படுத்தாம ஒரு வரியில சொல்லிட்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் வரல," என்றார்.

அந்தக் காலத்தில் என் அலுவலகத்தில் பொருளியல் மீட்சி பற்றிக் கூட்டம் போடாத வாரம் இல்லை. திரையில் ஒரு கோடு கீழே இறங்கிப் பின் மேலே ஏறும். வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள் என்று அதற்கு விளக்கம். அந்தக் கோட்டை நான் நம்புகிறேன், அது தவறில்லை. ஆனால் விட்டுச் சென்ற ஆளே திரும்பி வருவதாக அது காட்டியது. நான் தேக்காவில் பார்த்தது வேறு. வேலை இழந்து வேறு வேலைக்குப் போனவர்கள் வந்தார்கள். யாரையோ இழந்தவர்கள் வந்தார்கள். சுற்றி ஆள் இருந்தும் சொல்லாமல் நோயைத் தாண்டியவர்கள் வந்தார்கள். கையில் பணம் குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. ஒரு கசப்பு ஏற்பட்டால் விரலை நகர்த்தி இன்னொரு கடைக்குப் போய்விடலாம். எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து, ஒரே மாதிரி தள்ளுபடிப் பலகை வைத்தபோது, இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கத் தெரிந்த கடைக்குத்தான் அவர்கள் மறுபடி படியேறினார்கள். சித்தி தவறே செய்யாதவர் அல்லர். தவறு தெரிந்ததும் ரயில் ஏறிப் போகிறவர்.

திருவிழா அன்று நீல வரிசையில் ஆன்ட்டி இரண்டாவதாக நின்று பாடினார். சித்தி பாட்டைக் கேட்டாரோ என்னவோ, ரவிக்கைகளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கடையில் சிலவற்றை மாற்றினோம். அளவு ஜாக்கெட்டை இன்னமும் வாங்குகிறோம், ஆனால் அதோடு ஆளையும் ஒருமுறை வரச் சொல்கிறோம். அளவு குறிக்கும் அட்டையை நான் புதிதாக வடிவமைத்தேன். எல்லாருக்கும் வலது கை, இடது கை என இரண்டு கட்டங்கள். யாரையும் ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. துணியைத் திரும்பக் கேட்ட இருவரில் ஒருவர், இஸ்திரி போட்டு மடித்த துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மற்றவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கட்டட உரிமையாளர் ஒப்பந்தத் தாள்களோடு வந்தார். வயதான சீனர், நல்ல மனிதர், அவசரக்காரர். கடையில் உட்கார இடமில்லாமல் துணிப் பைகளுக்கு நடுவே நின்றார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"நீ கையெழுத்துப் போட மாட்டேன்னு நினைச்சேன். இப்போ கூட்டத்தைப் பாத்தா போடுவ போலிருக்கே?"

"போடுறேன். ஆனா எனக்குக் கடைக்குள்ள ஒரு கதவு வேணும்," என்றார் சித்தி.

"கதவா? முன்னாடி ஒண்ணு இருக்கே."

"உள்ள. அந்தத் திரை இருக்கிற இடத்துல. சுவர் மாதிரி பலகை, கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள்."

"எதுக்கு? எல்லாத் தையல் கடையிலயும் திரைதான்லா. ரொம்பக் காலமா இப்படித்தான்."

"இதுக்கு முன்னாடி சரியா இருந்துச்சு. இப்போ என் கஸ்டமருக்குப் பத்தல."

உரிமையாளர் திரையைப் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்ற, அது ஓர் ஓரமாக விலகி விலகிச் சேர்ந்தது. உள்ளே ஒரு பெண் ரவிக்கை மாற்றிக்கொண்டிருந்ததால் அவர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒரு கணம் சங்கடமாக இருமினார்.

"செலவு உன்னோடது."

"என்னோடதுதான்."

"சுவர்ல ஆணி அடிக்கக் கூடாது. பழைய கட்டடம்."

"அடிக்காம வைப்போம். இவ படம் போட்டுத் தருவா," என்று என்னைக் காட்டினார்.

அவர் தாளை எடுத்து, ஓரத்தில் தன் கையால் கதவைப் பற்றி ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பிறகுதான் சித்தி போட்டார். உரிமையாளர் படியிறங்கியதும் சித்தி நாடாவை என்னிடம் கொடுத்து, "அகலம் எடு," என்றார். "நாளைக்கு யார் எப்படி வருவாங்கன்னு தெரியாது, சக்கர நாற்காலி நுழையற மாதிரி எடு."